ராக்கெட் கதை படிக்கிற போலீஸ்காரி

மழை மட்டும் வந்திருக்காவிட்டால் காளீஸ்வரி அந்த மாடிப்படியில் ஏறியிருக்கவே மாட்டாள்.

தென்காசிப் பெரிய கோயில் வாசலில் திருவிழா பந்தோபஸ்து. விடிந்ததிலிருந்து நிற்க வைத்து, பிற்பகலில்தான் விட்டார்கள். பஸ்ஸைப் பிடித்துக் குற்றாலம் போய், குவார்ட்டர்ஸில் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலில் விழ வேண்டும்... அவளுக்கு இருந்த ஆசையெல்லாம் அவ்வளவுதான். அதற்குள் சாரல் கனத்து மழையாகிவிட்டது. ரத வீதியில் கண்ணில் பட்ட முதல் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கினாள்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையால் எழுதியது. 'அறிவியல் புனைகதை வாசகர் சந்திப்பு. இரண்டாவது மாடி, டியூஷன் சென்டர். அனைவரும் வருக.'

மறுபடியும் படித்தாள்.

அறிவியல் புனைகதையா... தென்காசியிலா?

போலீஸ் டிரெய்னிங் காலத்திலிருந்தே படிக்கிறாள். காவல் நிற்கிற பாரா டூட்டியில், பஸ்ஸில், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய செல்ஃபோனில். வேற்றுக்கிரகங்கள், திரும்பி வராத கப்பல்கள், இரண்டு சூரியன் உதிக்கிற ஊர்கள். ஆனால் படித்ததைப் பற்றிப் பேச இதுவரை ஒரு ஆள் கிடைத்ததில்லை. கால் 'வேண்டாம்' என்றது. மனசு முதல் படியில் ஏறிவிட்டது.

இரண்டாவது மாடிக்குப் பாதிப் படி இருக்கும்போதே குரல்கள் கேட்டன.

"இன்னைக்குத் தலைப்பு... பெண்கள் ஏன் அறிவியல் புனைகதை படிக்கிறதில்ல?"

"அவங்களுக்கு மெஷின்னாலே அலர்ஜி சார்."

"வீட்டுல சீரியல் ஓடுது. அதை விட்டுட்டு வருவாங்களாக்கும்!"

சிரிப்பு. பிறகு ஒரு கனத்த குரல், தயங்கித் தயங்கி... "அப்படிச் சொல்லக் கூடாதுல்லா. அவங்களுக்குக் கதைன்னா மனசு வேணும். நம்ம கதைகள்ல மனசு கம்மி... அதான் வர மாட்டேங்காங்கன்னு நெனைக்கேன்."

காளீஸ்வரி படியிலேயே நின்றாள். கேலி செய்தவர்கள் மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. இந்தப் பரிவுதான் எரிச்சலாக இருந்தது. திரும்பிப் போயிருக்கலாம். போகாமல் உள்ளே நுழைந்தாள்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. உள்ளே இருந்த ஏழெட்டு ஆண்களும், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன்கள் போல ஒரேயடியாக எழுந்து நின்றார்கள். அவள் உடம்பில் காக்கி இருந்ததை அவளே அப்போதுதான் நினைத்துக்கொண்டாள்.

கனத்த குரல்காரன் முன்னால் வந்தான். வாட்டசாட்டமான ஆள். இந்த மாதிரிக் கதை படிக்கிறவன் என்றால் சோடாபுட்டிக் கண்ணாடியும் ஒட்டிய கன்னமுமாக இருப்பான் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். இவன் மீசையோ, ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் கேடிகளின் வரிசையில் இருக்க வேண்டிய மீசை. நகக்கண்ணில் காய்ந்த மைதா மாவு. ஆனால் கண்கள்... அந்த மீசைக்குச் சம்பந்தமே இல்லாத கண்கள். மழையில் நனைந்த கன்றுக்குட்டி வாசலில் நின்று 'உள்ளே வரலாமா' என்று பார்ப்பது மாதிரி.

"மேடம்... நாங்க சும்மா கதை படிக்கிற ஆளுங்க. இதுக்கும் பர்மிஷன் வாங்கணும்னு தெரியாது..."

நானும் கதை பேசத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். அதற்கு ஒரு தெம்பு வேண்டும். அது அன்றைக்கு அவளிடம் மிச்சமில்லை.

"சத்தம் அதிகமா இருக்குன்னு கம்ப்ளைண்ட் வந்துச்சு," என்றாள்.

டியூஷன் சென்டர் நடத்தும் ஜோயல் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "மைக்கே இல்லியே மேடம்..."

"மைக் இல்லாமலே இவ்வளவு சத்தமா?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். மழை விட்டிருக்கவில்லை. அதிலேயே நடந்தாள். முகத்தில் வழிந்தது முழுக்க மழைதானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

அடுத்த வாரம் அவளைப் புளியறை செக்போஸ்ட்டில் போட்டார்கள். கேரளாவுக்குப் போகிற லாரி, வருகிற லாரி. தார்ப்பாயைத் தூக்கிப் பார், இறக்கு. விடியற்காலையில் ஏறிய டூட்டி. மத்தியானம் மாற்ற வேண்டிய ஆள் வரவில்லை. ஃபோன் போட்டால், "சீசன் கூட்டம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்கள்.

ஏட்டு ஐயாவிடம் சொல்லிக்கொண்டு எதிரே இருந்த பரோட்டா கடைக்குள் போனாள். மூலை மேசை. ஒரு டீ சொன்னாள். டீ வரும்வரை ஒரு பக்கம் படிக்கலாமே என்று ஃபோனைத் திறந்தாள்...

விழித்தபோது கன்னத்தில் மேசை விளிம்பின் தடம். ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை. கடை நிறைய ஆள் இருந்தது. ஆனால் சத்தமே இல்லை. லாரி டிரைவர்கள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லுக்குப் பின்னால் பரோட்டா மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளுடைய டீயை ஒரு தட்டு போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, மேடம் முழிச்சாச்சு. இனி கொத்து போடலாமா?" என்றார் ஒரு டிரைவர், மெல்ல.

கல்லாவில் இருந்தவன் தலையசைத்தான். தகரக் கரண்டிகள் டடக் டடக் என்று கல்லில் விழ ஆரம்பித்தன. கொத்து பரோட்டாவின் சத்தம் ஊரையே எழுப்பும். அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்... அவள் தூங்குவதற்காக!

கல்லாவில் அந்த மீசை.

காளீஸ்வரி சட்டென்று எழுந்தாள். "ரொம்ப நேரம் ஆயிருச்சா?"

"இல்ல மேடம், கொஞ்ச நேரம்தான். உங்க ஆள் இன்னும் வரலை. நான் ரோட்டைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." வேறு டீ ஒன்றை அவனே கொண்டுவந்து வைத்தான். "என்னைத் தெரியுதா? மைக் இல்லாத கூட்டம்."

"தெரியுது."

"அந்தக் கம்ப்ளைண்ட் யாரு மேடம் குடுத்தா?"

"விசாரணையில இருக்கு."

அவன் போகவில்லை. தோளில் கிடந்த துண்டின் நுனியைத் திருகினான். "கோவிச்சுக்கக் கூடாது... டீ வைக்க வரும்போது ஃபோன் அணையாம இருந்துச்சு. கண்ணுல பட்டுருச்சு. அது சனி வளையத்துல ஐஸ் வெட்டுத கதைல்லா?"

அவள் டீயைப் பார்த்தாள். ஆவி பறந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஆமா."

"அப்ப அன்னைக்கு நீங்க... கதை பேசத்தான் வந்தீங்களா?"

"மழைக்கு ஒதுங்கினேன்."

"ரெண்டாவது மாடி வரைக்குமா ஒதுங்கினீங்க?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். சிரிப்பு வந்தே விட்டது. கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"உங்க பேரு என்ன?"

"கடற்கரை."

"ஊரைக் கேக்கலை. பேரைக் கேட்டேன்."

"பேருதான் மேடம் அது. எங்க அய்யா திருச்செந்தூர்ல நேந்துக்கிட்டு வச்சது."

"மலையடிவாரத்துல கடற்கரையா..."

"அதான் ஒருத்தரும் தேடி வர மாட்டேங்காங்க," என்றான் அவன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல மீசையைத் தடவிக்கொண்டான்.

கொத்துச் சத்தத்துக்கு நடுவே அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "நம்ம கதைகள்ல மனசு கம்மின்னு சொன்னீங்கள்லா. படியில நின்னு கேட்டேன்."

அவன் முகம் வாடியது.

"இந்தக் கதையில வருதாளே... அவளை மாத்த வர வேண்டிய கப்பல் வரலை. எப்ப வரும்னும் தெரியாது. அவ ஐஸ் வெட்டுதா, உக்காந்து அழுவுதா, மூஞ்சியத் தொடச்சுட்டு மறுபடி வெட்டுதா. மெஷினை மட்டும் நிறுத்த மாட்டேங்கா. இதைவிட என்ன மனசு வேணும்? எனக்கு இன்னைக்கு ஒரு நாள் மாத்து ஆள் வரலை. அவளுக்கு வருசக்கணக்கா வரலை. அவளை நெனச்சுத்தான் நான் அந்த ரோட்டுல நிக்கேன்."

கடற்கரை துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தான். பிறகு, "நானும் ரெண்டு தடவை படிச்சிருக்கேன்," என்றான் மெதுவாக. "மெஷின் கதைன்னுல்லா நெனச்சேன்..."

வெளியே ஜீப் சத்தம். மாற்று ஆள் ஒருவழியாக வந்துவிட்டார். அவள் தொப்பியை எடுத்தாள். அவன் வாசல் வரை வந்தான்.

"மேடம், இதை எங்க கூட்டத்துல ஒருநாள் வந்து சொல்லுவீங்களா?"

"பாக்கலாம்."

போலீஸ் பாஷையில் 'பாக்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம். கடைக்காரர் பாஷையில் அது முக்கால் சம்மதம். இது இருவருக்கும் அப்போது தெரியவில்லை.

*

செக்போஸ்ட் டூட்டி முடிந்து அவளை மறுபடி குற்றாலத்துக்கே மாற்றினார்கள். மெயின் அருவி, பெண்கள் பக்கம். நனைந்த பாறையில் நின்று விசில் ஊத வேண்டும். 'போதும்மா, வெளிய வாங்க, அடுத்தவங்க குளிக்கணும்...' நாள் முழுக்க அருவிச் சத்தம். குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள் அருவி விழுந்துகொண்டே இருக்கும்.

ஆனால் இப்போது மத்தியானமானால் ஃபோன் ஒரு தடவை அதிரும். செக்போஸ்ட்டை விட்டு வரும்போது நம்பர் வாங்கிக்கொண்ட கடற்கரைதான்.

'மாத்து ஆள் வந்தாச்சா?'

'இல்லை' என்று மட்டும் போடுவாள். சில நாள் 'இப்பதான்.' உடனே ஒரு கதை வரும். ராத்திரியே இல்லாத கிரகத்தில் தாலாட்டுப் பாட முடியாமல் தவிக்கும் ஒருத்தியின் கதை... இறந்த மனைவியின் குரலில் பேசும் கப்பலோடு சண்டை போடும் ஒருவனின் கதை... மனசு இருக்கிற கதைகளாகத் தேடித் தேடி அனுப்புகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. பாறையில் நின்றுகொண்டே தனியாகச் சிரித்தாள். தண்ணீரில் நின்ற ஒரு ஆச்சி, "ஏ பிள்ளா, நீயும் வந்து ஒரு முழுக்கு போடேன், மூஞ்சியில வெயில் அடிக்கு!" என்றாள்.

ராயகிரியிலிருந்து அம்மா முப்பிடாதியம்மாள் பேசினாள்.

"ஏட்டி, சிவகிரியில ஒரு மாப்பிள்ளை. பட்டாளத்துல இருக்காரு. லீவுல வந்திருக்காவ, உன்னைப் பாக்கணும்ங்காவ. வேலையைப் பத்திக் கேட்டா சிரிச்சுக்கிட்டே பேசு. பொழுதுபோக்கு என்னன்னு கேட்டா சமையல்னு சொல்லு. அந்த ராக்கெட்டு கதை, கிரகத்துக் கதைன்னு எதையும் எடுத்துராத தாயி. போன தடவை பட்டது போதும்."

போன தடவை... வந்தவர் கேட்டார் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் தன் அக்காவைப் பார்த்தார். அக்கா, "பிள்ளை இன்னும் சின்னப் பிள்ளையாவே இருக்கு," என்றாள். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனபோதும் சிரிப்பு நிற்கவில்லை.

கடற்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று இப்போது தோன்றியது. சொன்னால் அம்மா முதலில் கேட்பது, 'யாரு... என்ன ஆளுக?' என்பதாகத்தான் இருக்கும். அதற்கு விடை அவளுக்கே தெரியாது. கேட்கத் தோன்றியதே இல்லை.

"சரிம்மா," என்று வைத்துவிட்டாள்.

*

ஒரு காலை ரோல்கால். வரிசையில் நின்ற எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன மேடம், செவ்வாய்க்கு எப்ப கெளம்புதீங்க?"

ஸ்டேஷன் ரைட்டர் தன் ஃபோனை நீட்டினார். அதில் அவள் படம். போன சீசனில், கூட்டத்தில் தொலைந்த குழந்தையைத் தூக்கி வந்தபோது பத்திரிகையில் வந்த படம். பின்னால் நட்சத்திரங்கள். ஒரு மூலையில் ராக்கெட். மேலே கொட்டை எழுத்தில்...

'காக்கிக்குள் ஒரு விண்வெளி! பெண்களும் சயின்ஸ் ஃபிக்ஷன் படிப்பார்கள். நேரடி சாட்சி: காவலர் காளீஸ்வரி பேசுகிறார். அனைவரும் வருக!'

அவள் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் ஆனந்தவள்ளி கூப்பிட்டனுப்பினார். "யாரைக் கேட்டும்மா பொதுக்கூட்டத்துல பேச ஒத்துக்கிட்ட? யூனிஃபார்ம் படத்தோட போஸ்டர் வேற! மெமோ ரெடியாகுது, வாங்கிக்கோ."

வெளியே வருவதற்குள் அம்மா. குரல் உடைந்திருந்தது. "ஏட்டி, யாரோ அந்தப் படத்தைச் சிவகிரிக்கு அனுப்பி வச்சிருக்காவ. 'பிள்ளைக்குத் தலைக்கு ஒண்ணும் இல்லியே'ன்னு கேக்காவ. வர மாட்டாவளாம்..."

பட்டாளத்து மாப்பிள்ளை போனதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் மறுபடியும் ஒரு கூடம் சிரிக்கிறது. அவள் முன்னால் இல்லாமலே சிரிக்கிறது.

ஃபோன் அதிர்ந்தது. 'மேடம், போஸ்டர் பாத்தீங்களா? ஜோயல் செஞ்சான். எப்படி இருக்கு?' பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை.

அவனைக் கூப்பிட்டாள்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"மேடம்... நீங்கதான பாக்கலாம்னு..."

"பாக்கலாம்னுதான் சொன்னேன். ஊரே வந்து என்னைப் பாக்கட்டும்னு சொன்னேனா?"

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"நேரடி சாட்சியா நான்? எந்தக் கூண்டுல ஏறி நிக்கணும், சொல்லுங்க. 'இங்க பாருங்கப்பா, ஒரு பொம்பளை, ராக்கெட் கதை படிக்குது'ன்னு டிக்கெட் போட்டுக் காட்டுங்க."

வைத்துவிட்டாள். அதன் பிறகு அவன் கூப்பிட்டான், கூப்பிட்டான்... அவள் எடுக்கவில்லை. மத்தியானம் ஃபோன் அதிரும். கையை ஈரச் சட்டையில் துடைத்துக்கொள்வாள். பார்க்காமலே விசிலை எடுத்து ஊதுவாள்.

கோபம் நாலு நாளில் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு இருந்தது கோபம் இல்லை. சலிப்பு. இவனும்தானா என்கிற சலிப்பு.

*

மலையில் நல்ல மழை. மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியது. குளிக்கத் தடை. காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தி, கூட்டத்தைக் கலைத்து, கயிறு கட்டி முடித்தபோது இன்ஸ்பெக்டர் ஆனந்தவள்ளி குடையோடு வந்தார்.

"போம்மா, போய் ரெஸ்ட் எடு. சாயங்காலம் வேற ஆள் போடுதேன்." இரண்டடி போய்த் திரும்பினார். "அந்தப் பார்டர் பரோட்டா கடைக்காரன் காலைல விடியவும் ஸ்டேஷன்ல வந்து நிக்கான். உனக்கு ஒண்ணுமே தெரியாதாம். போஸ்டர் அவன் போட்டதாம். கேஸ் போடணும்னா அவன் மேல போடணுமாம். என்ன கேஸ்டா போடன்னு கேட்டேன், முழிக்கான். மெமோவை நிறுத்திட்டேன். அந்த ஆளை மட்டும் எங்கயாவது போகச் சொல்லு. பாக்கவே எனக்குக் களைப்பா இருக்கு."

அவர் போன பிறகு, கடைவீதியிலிருந்து அருவிக்கு இறங்கும் படியில் காளீஸ்வரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குவார்ட்டர்ஸ் வரைகூட நடக்க முடியாது போலிருந்தது. ரம்புட்டான், மங்குஸ்தான் கடைகள் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தன. எதிரே அருவி செம்மண் நிறத்தில் உறுமியது.

அவன் வந்தான். குடை இல்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சற்றுத் தள்ளியே நின்றான்.

"போஸ்டரை எல்லா குரூப்லயும் எடுக்கச் சொல்லிட்டேன். கூட்டத்தையும் நிறுத்திட்டேன்."

"கூட்டத்தை ஏன் நிறுத்தினீங்க? கூட்டம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் அருவியைப் பார்த்தபடியே பேசினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் ஏன் அந்தக் கதையெல்லாம் படிக்கேன் தெரியுமா? அதுல ஒரு பொம்பளை கப்பல் ஓட்டுதா. ஒருத்தரும் 'அட, பொம்பளை ஓட்டுதாளே'ன்னு வாயைப் பொளக்க மாட்டாங்க. அவ பாட்டுக்கு அவ வேலையைப் பாப்பா. இங்க வீட்டுல, ஸ்டேஷன்ல, பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு... எல்லாருக்கும் நான் ஒரு ஆச்சரியம். சில பேரு சிரிப்பாங்க. சில பேரு பெருமைப்படுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான். உங்க கடையில மட்டும்தான் அது இல்லாம இருந்துச்சு. தூக்கம் வந்துச்சு, தூங்கினேன். டீயை மூடி வச்சீங்க. அவ்வளவுதான். அது எனக்கு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியல..."

நிறுத்திக்கொண்டாள்.

கடற்கரை நனைந்தபடி நின்றான். முகத்தில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டான்.

"பெருமைதான் பட்டேன்," என்றான் கடைசியில். "அதுவும் தப்புன்னு இப்பத்தான் புரியுது. இனி செய்ய மாட்டேன். ஆனா... இன்னொண்ணும் இருக்கு. அதையும் சொல்லிருதேன். நான் கூட்டத்துக்காகக் கூட்டம் போடலை."

"பின்ன?"

"செக்போஸ்ட் டூட்டி முடிஞ்சு நீங்க இங்கன வந்துட்டீங்க. உங்களைப் பாக்க எனக்கு ஒரு காரணம் வேணும். குளிக்க வந்தேன்னு சொல்லலாம்... ஆம்பளைங்க பக்கம் அந்தக் கோடில இருக்கு. அங்கன இருந்து பாத்தா நீங்க விசில் ஊதுதது மட்டும்தான் கேக்கும்."

அவள் திரும்பினாள். "வந்தீங்களா?"

"மூணு நாலு தடவை."

"குளிச்சீங்களா?"

"குளிக்காம நின்னா போலீஸ் திட்டுமே."

சிரிப்பு வந்தது. அடக்க நினைத்தாள். அடக்குகிற தெம்புகூட இல்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் பதறிப்போய் ஒரு படி இறங்கினான். பிறகு தொடவும் துணிவில்லாமல், விலகவும் மனமில்லாமல் அப்படியே நின்றான்.

"காரணம் இல்லாமலே வந்திருக்கலாம்லா," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"அதுக்குத் தைரியம் வேணும்."

"இந்த மீசையை வச்சுக்கிட்டா?"

"இது கடைக்கு வச்சது. கடன் சொல்லுதவங்களுக்கு." அவன் குரல் தணிந்தது. "இன்னைக்குக் காரணம் இல்லாமத்தான் வந்திருக்கேன், காளீஸ்வரி."

மேடம் இல்லை. வெறும் பெயர். இத்தனை பேர் கூப்பிட்ட பெயர்தான். மழைக்குள் அது புதிதாகக் கேட்டது.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றான் கடற்கரை. "கதை படிக்கீங்கன்னு இல்ல. போலீஸ்னும் இல்ல. நீங்க ஒரு கதையும் படிக்கலைன்னாலும்... வேற எப்படிச் சொல்லன்னு எனக்குத் தெரியல. பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

அருவி உறுமியது. அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். ஆச்சரியம் தெரிகிறதா என்று தேடினாள். அதில் இருந்தது பயம். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்கிற பயம் மட்டும்.

"எங்க அம்மா ராயகிரில இருக்கா," என்றாள். "வந்து பேசணும். முதல்ல யாரு என்னன்னு கேப்பா. அதுக்கு நீங்க எதைச் சொன்னாலும் சத்தம் போடுவா. என் அண்ணன் ஒருத்தன் இருக்கான், அவன் இன்னும் ஜாஸ்தி சத்தம் போடுவான். ஒரு தடவையில முடியாது. திருப்பி அனுப்புவாங்க. மறுபடி வரணும்."

"வாரேன்."

"போஸ்டர் ஒட்டக் கூடாது."

"சத்தியமா ஒட்ட மாட்டேன்."

அவன் இன்னும் நின்றுகொண்டே இருந்தான். கண்ணை எடுக்கவில்லை. "நீங்க ஒண்ணும் சொல்லலியே..." என்றான், அருவிச் சத்தத்தில் கேட்டும் கேட்காமலும்.

காளீஸ்வரி பூட்ஸ் காலை மெல்ல நீட்டிக்கொண்டாள். மழை முகத்தில் விழட்டும் என்று நிமிர்ந்தாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள். "எந்திரிச்சு நின்னு, நேருக்கு நேரா பாத்து, நல்லபடியா சொல்லணும்னுதான் நெனச்சேன். முடியல... கால் வலிக்கு. உக்காந்துக்கிட்டே சொல்லிட்டேன்."

கடற்கரை அந்த ஈரப் படியில், அவளுக்கு ஒரு படி கீழே, மெதுவாக உட்கார்ந்தான். மழை வலுத்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.